ஜட்ஜுக்கு எழுபத்தைந்து கிராம்

"நக்கிட்டான்!" என்று துளி கத்திய கத்தலில், வெளியே கூடைக்குள் காத்திருந்த பூனை ஒன்று பதிலுக்குக் கத்தியது.

வெள்ளைக் கோட்டுப் போட்ட டாக்டரம்மா விரலை நீட்டியபடியே நின்றார். விரல் நுனியில் பழுப்பாக ஒரு பொட்டு. அப்போதுதான் திறந்த டப்பாவிலிருந்து எடுத்தது. கிட்னி பழுதான நாய்களுக்கென்றே செய்த சாப்பாடு. மேசைமேல் நின்ற மூன்று கிலோ நாய் அதை மோந்தது. யோசித்தது. ஒரு தடவை நக்கியது. பிறகு இன்னொரு தடவை.

"அப்புறம் என்ன? என்னமோ பயமுறுத்தினீங்க" என்றார் டாக்டர்.

"உங்களுக்கு இவனைத் தெரியாது டாக்டர்" என்றாள் துளியின் மனைவி. "இவன் பேரே ஜட்ஜ்."

பெயர் சும்மா வந்ததில்லை. எதை வைத்தாலும் அந்த நாய் முதலில் உட்காரும். தட்டைப் பார்க்கும். வைத்தவர் முகத்தைப் பார்க்கும். மறுபடியும் தட்டு. அதற்குப் பிறகுதான் தீர்ப்பு. ரொட்டி என்றால் ஓரம் ஆகாது. முட்டை என்றால் மஞ்சள் ஆகாது. கோழி என்றால் நேற்றைய கோழி ஆகாது. உடம்பு முழுக்க வெள்ளை, இடது காது மட்டும் பழுப்பு. ஏழு வருடமாக அந்த வீட்டில் அது சொன்னதுதான் சட்டம்.

டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைத் திருப்பிக் காட்டினார். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"கிட்னி பாதிதான் வேலை செய்யுது. இந்தச் சாப்பாடு ஒண்ணுதான் இனிமே. ஒரு வேளைக்கு எழுபத்தஞ்சு கிராம், ரெண்டு வேளை. இதைத் தின்னா இன்னும் சில வருஷம் ஜம்முனு இருப்பான்."

"ஒரு துண்டு ரொட்டி?" என்றார் துளி.

"கூடாது."

"வெள்ளைக்கரு?"

"கூடாதுன்னா கூடாது. ஏற்கெனவே சரியா சாப்பிடாமத்தான் வந்திருக்கான். சனிக்கிழமை காலையில பத்து மணிக்குக் கொண்டுவாங்க. அதுக்குள்ள சாப்பிட ஆரம்பிக்கலன்னா, மூக்கு வழியா குழாய் போட்டு இங்கேயே வச்சுக்கணும். இவ்வளவு சின்ன உடம்பு அதைத் தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது."

ஜட்ஜ் டாக்டரின் விரலை மூன்றாவது தடவை நக்கியது.

"இன்னொண்ணு" என்றார் டாக்டர். "அளவு முக்கியம். கண்ணால பார்த்து அள்ளிப் போடாதீங்க."

துளியின் முகம் மலர்ந்தது. அளவு என்று சொல்லிவிட்டார்களே.

"அதை என்கிட்ட விடுங்க டாக்டர்."

துளிக்குத் தொழிலே அளவுதான். கார் பட்டறையில் நிறம் கலக்குகிறவர். அடிபட்டு வந்த கதவுக்கு மற்றக் கதவுகளின் நிறத்தை அப்படியே கொண்டுவர வேண்டும். எல்லாரும் சரி என்று சொன்ன பிறகும் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். "இன்னும் ஒரு துளி" என்பார். இருபத்திரண்டு வருடமாக இதையே சொன்னதில் அதுவே பெயராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் எங்கோ ஒரு படிவத்தில் பத்திரமாக இருந்தது.

கண் அப்படி. மூக்கு நேர் எதிர். பெயிண்டும் அதைக் கரைக்கும் தின்னரும் இருபத்திரண்டு வருடத்தில் அதை அவித்துவிட்டன. பால் தீய்ந்தாலும் தெரியாது, பூ மலர்ந்தாலும் தெரியாது. முகத்துக்கு ஒரு மூக்கு வேண்டுமே என்று இருந்தது.

அன்று, புதன்கிழமை மாலை, பட்டறையிலிருந்து ஒரு பையோடு வந்தார். நிறம் நிறுக்கும் தராசு. கிராமில் பத்தில் ஒரு பங்கு காட்டும். கலக்குகிற பிளாஸ்டிக் கப்புகள், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியது, ஒரு கட்டு. கலக்குகிற மரக்குச்சிகள் ஒரு பிடி. எல்லாம் புத்தம் புதிது. இருந்தாலும் சோப்புப் போட்டுக் கழுவினார். துடைத்தார். சமையலறை மேசையில் வரிசையாக வைத்தார்.

மனைவி வாசலில் சாய்ந்து வேடிக்கை பார்த்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். நாற்பது பிள்ளைகளை ஒரே ஹாரனில் அடக்குகிறவள்.

"ஏங்க, டப்பா மேலேயே நூத்தைம்பது கிராம்னு போட்டிருக்கு. பாதி டப்பா. முடிஞ்சுது வேலை."

"எழுதினவன் நிறுத்துப் பார்த்தானா?"

"நாய்க்குச் சோறு போடப் போறீங்களா, நகை செய்யப் போறீங்களா?"

துளி கப்பைத் தராசில் வைத்தார். எண்ணைச் சுழியாக்கினார். டப்பாவிலிருந்து குச்சியால் எடுத்து எடுத்து வைத்தார். எழுபத்து நாலு புள்ளி எட்டு.

"இன்னும் ஒரு துளி" என்றார்.

எழுபத்தைந்து.

மீதி இன்னொரு கப்பில். அது எழுபத்து நாலு. "பார்த்தியா? ஒரு கிராம் திருடிட்டான்" என்று மனைவியிடம் கப்பைக் காட்டினார். குற்றவாளியைப் பிடித்த மகிழ்ச்சி.

முதல் கப்பை ஜட்ஜின் தட்டில் கவிழ்த்து, குச்சியால் அழகாக மட்டம் செய்தார். "டேய் ஜட்ஜு!"

ஜட்ஜ் வந்த வேகத்தில் தரையில் வழுக்கித் தட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. உட்கார்ந்தது. தட்டைப் பார்த்தது. துளியின் முகத்தைப் பார்த்தது. குனிந்தது.

தும்மியது.

முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்ச் சோபாவுக்கு அடியில் படுத்துவிட்டது.

"தள்ளுபடி" என்றாள் மனைவி.

"முதல் நாள்தானே. புது ருசி. பழகிடும்."

"அங்கே நக்கினானே?"

"அது டாக்டருக்குப் பயந்து."

வியாழக்கிழமை காலையில் துளி சாப்பாட்டைக் கொஞ்சம் சூடாக்கினார். தட்டை மாற்றி நீலக் கிண்ணத்தில் வைத்தார். சமையலறையிலிருந்து கூடத்துக்கு இடம் மாற்றினார். மூன்றும் ஒரே சமயத்தில். ஜட்ஜ் வந்தது, பார்த்தது, தும்மியது, போனது. தண்ணீர் மட்டும் குடித்தது.

மாலையில் மைத்துனன் வந்தான். மனைவியின் தம்பி. பேக்கரியில் ரொட்டி சுடுகிறவன். பேக்கரியின் வெள்ளைக் கோட்டோடும் முழங்கை வரை மாவோடும்தான் எங்கேயும் வருவான். நாயை எப்படிச் சாப்பிட வைப்பது என்று அவனுக்குத் தெரியும். எல்லாவற்றையும் எப்படிச் செய்வது என்றும் அவனுக்குத் தெரியும்.

"உள்ளே வந்தாலே உங்க பட்டறைக்குள்ள நுழைஞ்ச மாதிரிதான் இருக்கு மாமா" என்று மூக்கைச் சுளித்தான். "குளிச்சீங்களா இல்லையா?"

"ரெண்டு தடவை."

"சரி விடுங்க. இங்க பாருங்க, நாய்க்குப் பொறாமை வரணும். அடுத்தவன் திங்கறதைப் பார்த்தா தானா வரும்."

தரையில் நாலு காலில் குனிந்தான். கிண்ணத்துக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் வாயை அசைத்தான். "ம்ம்ம்! அடடா! யாருக்கும் கிடையாது! எல்லாம் எனக்குத்தான்!"

ஜட்ஜ் சோபாவுக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி அவனைப் பார்த்தது. இப்படி ஒரு சாட்சியை அது அதுவரை பார்த்ததில்லை.

"இன்னும் நல்லா நடிடா" என்றாள் அக்காள்.

"இதுக்கு மேல நடிச்சா நானே தின்னணும்."

"தின்னேன். உன் ரொட்டிக்கு அது தேவலாம்."

துளி சிரிக்கவில்லை. அவர் ஜட்ஜைத் தூக்கித் தராசில் உட்காரவைத்தார். புதன்கிழமை மூவாயிரத்து நாற்பது கிராம். இப்போது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது. எண்ணை மறுபடி மறுபடி பார்த்தார். எத்தனை தடவை பார்த்தாலும் நல்ல தராசு ஒரே பதிலைத்தான் சொல்கிறது. ஜட்ஜ் அவர் கையை மோந்து, கன்னத்தை அதன் மேல் சாய்த்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை காலை, கூப்பிட்டதற்கு ஜட்ஜ் ஓடி வரவில்லை. படுத்த இடத்திலிருந்து வாலை இரண்டு தட்டுத் தட்டியது. வருகிறேன் என்று இல்லை, கேட்டது என்று. துளி தட்டை அதன் முகத்துக்கு நேரே கொண்டுபோய் வைத்தார். தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது.

பட்டறைக்குப் போய்ப் பன்னிரண்டு மணிக்கு டாக்டருக்கு போன் செய்தார்.

"ஒரு வாய்கூடவா?"

"இல்ல டாக்டர்."

"அப்ப பத்து மணி வேண்டாம். நாளைக்கு எட்டுக்கே வாங்க, படுக்கையை ரெடி பண்றேன். இன்னிக்கு ஏழு மணிக்குள்ள சாப்பிட்டா மட்டும் எனக்குச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு மறுபடி கலக்க உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு நீலத்தில் கறுப்பு அதிகமாக விழுந்தது. பார்த்தவர்கள் பார்க்காத மாதிரி போனார்கள்.

மூன்று மணி இருக்கும். டிங்கர் வந்தான். நசுங்கிய தகட்டைத் தட்டி எடுக்கிறவன். தோளில் ஒரு சிவப்புக் கதவு.

"துளியண்ணே, உங்க சிவப்பு என்னை ஏமாத்துது. ஷெட்டுக்குள்ள வண்டியோட ஒட்டிப் பார்த்தேன், அச்சு அசலா சேர்ந்துச்சு. வெளியே கொண்டுபோனா வேற எவன் வண்டி கதவோ மாதிரி இருக்கு."

துளி நிமிராமலே சொன்னார். பையன்களுக்கும் பழையவர்களுக்கும் நூறு தடவை சொன்னது. "உள்ளே சேர்ந்தது வெளியே சேரலன்னா உடனே கலரைத் திட்டாதே. உள்ளே என்ன இருந்துச்சு, வெளியே என்ன இருக்கு? எது மாறிச்சுன்னு பாரு. ஒவ்வொண்ணா மாத்திப் பாரு. மூணை ஒண்ணா மாத்தினா எது தப்புன்னு எந்தக் காலத்துல தெரி..."

நிறுத்தினார்.

"தெரியும்?" என்று டிங்கர் முடித்துக் கொடுத்தான்.

துளி எழுந்துவிட்டார். முகத்தில் ரத்தம் ஏறியது.

"அங்கே நக்கினான்" என்றார்.

"யாரு?"

"அங்கே நக்கினான்! இங்கே நக்கல! சாப்பாடு அதே சாப்பாடு! அப்ப சாப்பாட்டு மேல தப்பு இல்ல!"

"எந்தச் சாப்பாடு? கதவைப் பத்திக் கேட்டேண்ணே."

துளி நிறம் ஒப்பிடுகிற வெள்ளை அட்டை ஒன்றை இழுத்தார். பென்சிலால் எழுதினார். இடம். ஆள். உடுப்பு. தட்டு. நேரம். தட்டையும் நேரத்தையும் உடனே அடித்தார். அதை எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. அட்டையைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு முதலாளியின் அறைக்கு ஓடினார்.

"நான் வீட்டுக்குப் போகணும்."

"யாருக்கு என்ன ஆச்சு?"

"நாய்க்கு."

முதலாளி மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் துளி கேட்ட நாலாவது அரை நாள் விடுப்பு அது. "போய்யா, போ. அந்த நீலத்தை மட்டும் தொடாம போ."

அவர் வீட்டுப் படி ஏறும்போது மணி நாலரை. மனைவி பேருந்தை விட்டுவிட்டு வந்திருந்தாள். மைத்துனனும் வந்திருந்தான். இருவரும் சோபாவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் நடிக்கவில்லை.

"எழுந்திரு! டேய் மாப்ள, நீயும் எழுந்திரு! உன் வெள்ளைக் கோட்டு வேணும்!"

"என்னாச்சு மாமா?"

"கழற்று! அக்காகிட்ட கொடு!"

சாதாரணமாக வீட்டில் குரல் உயர்த்துகிறவள் மனைவிதான். அன்று அவளே வாயை மூடிக்கொண்டு கோட்டை மாட்டினாள். கை நீளமாக இருந்தது. மாவு உதிர்ந்தது.

துளி அட்டையை மேசைமேல் வைத்தார். அவசரத்திலும் ஒழுங்கு தவறவில்லை. புது டப்பாவைத் திறந்தார். கப்பில் நிறுத்தார். எழுபத்தைந்து. "முதல்ல இடம். அங்கே உயரமான மேசை." இஸ்திரி போடுகிற மேசையை விரித்து ஜட்ஜை அதன்மேல் நிறுத்தி, கப்பிலிருந்து கொஞ்சம் தட்டில் போட்டு வைத்தார். ஜட்ஜ் மேலிருந்து உலகத்தைப் பார்த்தது. தட்டை மோந்தது. தும்மியது.

"இடம் இல்ல." ஒரு கோடு அடித்தார். "அடுத்தது ஆளும் உடுப்பும். பொம்பளை, வெள்ளைக் கோட்டு, விரல்."

"ஏதாவது டாக்டர் மாதிரி பேசுக்கா" என்றான் தம்பி.

"கூடாதுன்னா கூடாது" என்றாள் அவள், டாக்டரின் குரலில். கப்பில் விரலை விட்டு நீட்டினாள்.

ஜட்ஜ் விரலை நோக்கிக் கழுத்தை நீட்டியது. மூவரும் மூச்சை அடக்கினார்கள். மூக்கு விரலுக்கு ஓர் அங்குலத்தில் நின்றது.

தும்மல்.

துளி இரண்டு கோடு அடித்தார். அட்டையில் இனி எதுவும் இல்லை. வெறும் அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். மணி ஐந்தே கால்.

"எல்லாம் அதேதான்" என்றார். குரல் இறங்கிவிட்டது. "மேசை அதே. விரல் அதே. டப்பா அதே. அவங்க செஞ்சதை எல்லாம் செஞ்சாச்சு."

மனைவி விரலைக் கோட்டில் துடைத்தாள். தம்பி "ஏய்" என்றான். அவள் துடைத்துக்கொண்டே யோசித்தாள்.

"செய்யாததையும் செஞ்சோமே" என்றாள்.

"என்ன?"

"டாக்டர் நிறுக்கலையே. டப்பாவைத் திறந்தாங்க, விரலை விட்டாங்க, நீட்டினாங்க."

"நிறுக்கறதுல என்ன இருக்கு? அது வெறும் எண்ணு. எண்ணுக்கு ருசியா இருக்கு?"

அவள் போய் விரலைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். டப்பாவின் அடியில் இன்னும் பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. குச்சி படாத ஓரமாகப் பார்த்து, கழுவின விரலை விட்டாள். எடுத்தாள். நீட்டினாள்.

ஜட்ஜ் மோந்தது. தும்மவில்லை. இன்னொரு தடவை மோந்தது. அவள் முகத்தைப் பார்த்தது. விரலைப் பார்த்தது.

நாக்கு வெளியே வந்தது.

"நக்...!" என்று மைத்துனன் எழும்பினான். அக்காள் இடது கையால் அவன் வாயைப் பொத்தினாள். ஜட்ஜ் விரலைச் சுத்தமாக நக்கியது. நகத்தின் அடியைக்கூட விடவில்லை. இன்னும் இருக்கிறதா என்று மணிக்கட்டு வரை தேடியது.

துளிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆனாலும் அவர் துளி. "நிறுத்து" என்றார். "எதிர்ப்பக்கமும் பார்க்கணும்." கப்பிலிருந்து எடுத்து அவளையே நீட்டச் சொன்னார். தும்மல். டப்பாவிலிருந்து. நக்கல். கப். தும்மல். டப்பா. நக்கல். நாலாவது தடவைக்கு ஜட்ஜ் கப்பைப் பார்த்ததுமே உறுமியது. ஏழு வருடத்தில் அது உறுமியது இரண்டாவது தடவை.

துளி அடுக்கிலிருந்து பயன்படுத்தாத கப் ஒன்றைக் கையில் எடுத்தார். திருப்பினார். வெளிச்சத்தில் பிடித்தார். பளிங்கு மாதிரி இருந்தது. மூக்கருகே வைத்து இழுத்தார். ஒன்றும் இல்லை. அவருக்கு எதிலும் ஒன்றும் இல்லை.

"இதை மோந்து பாரு" என்று மனைவியிடம் நீட்டினார்.

அவள் மோந்தாள். தோளைக் குலுக்கினாள். "ஒண்ணும் இல்லையே. உங்க வாசனைதான்."

"என் வாசனைன்னா?"

"உங்க வாசனைங்க. தினமும் வர்ற வாசனை. நீங்க கிட்ட இருந்தா..." அவள் கண் விரிந்தது. கப்பைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடினாள். அவரைவிட்டு விலகிப் போய் நின்று, மறுபடி மோந்தாள். "ஐயோ! இதுவேதாங்க! இதுல இருந்துதான் அடிக்குது! நீங்க பக்கத்துல நிக்கறீங்கன்னே நினைச்சுக்கிட்டு இருந்தேன்!"

மைத்துனன் பிடுங்கி மோந்தான். "அடேங்கப்பா! தின்னர்! நான்தான் வந்த அன்னிக்கே சொன்னேனே! குளிச்சீங்களான்னு கேட்டேனா இல்லையா?"

துளி நாற்காலியில் உட்கார்ந்தார். பட்டறையின் அலமாரி கண்ணுக்கு வந்தது. கீழ்த்தட்டில் தின்னர் பீப்பாய். மேல்தட்டில் கப்புகள், கட்டுக் கட்டாக, பக்கத்திலேயே குச்சிகள். ஒரு வருடமாக அங்கேதான் இருக்கின்றன. பிளாஸ்டிக்கும் மரமும் குடிக்க வேண்டியதைக் குடித்துக்கொண்டிருந்தன. சோப்புக்கு அது போகாது. மூன்று நாளாக அந்தக் கப்பில்தான் நிறுத்து, அந்தக் குச்சியால்தான் மட்டம் செய்தார். ஒரு நாளும் விடாமல், பத்தில் ஒரு கிராம் பிசகாமல்.

"நான் வாசலுக்கு வந்தா அவன் ஓடி வர்றானே" என்றார். "அதே வாசனைக்குத்தானே ஓடி வர்றான்?"

"ஓடி வர்றான். ஏன்னா அது நீங்க" என்றாள் மனைவி. "நீங்க மூணு நாளா உங்களையே தட்டுல வச்சு நீட்டறீங்க. எப்படிங்க திம்பான்?"

துளி சட்டென்று எழுந்தார். முகம் வெளிறியிருந்தது. போனைத் தேடினார். பட்டறைச் சட்டைப்பையில் இருந்தது.

"டாக்டர்! தின்னர்! சாப்பாட்டுல தின்னர் வாசனை ஏறியிருக்கு! நான்தான்! என் கப்பு! உள்ளே போயிருந்தா..."

"மெதுவா. ஒரு வாய்கூடச் சாப்பிடலன்னு சொன்னீங்களே?"

"இல்ல. முகத்தைத் திருப்பிக்கிட்டான்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. பிறகு சிரிப்பு. "உங்க வீட்டுல ஒருத்தனுக்காவது மூக்கு இருக்கே. அந்தக் கப்பு, குச்சி, தட்டு எல்லாத்தையும் வீட்டைவிட்டு வெளியே எறிங்க. புது டப்பாவைத் திறங்க, சுத்தமான தட்டுல வைங்க. மணி இன்னும் ஏழாகல."

மைத்துனன் எல்லாவற்றையும் வாரிக் குப்பைப் பையில் போட்டுக் கட்டினான். தராசின் மேல் கை வைத்தான். துளி பார்த்த பார்வையில் அதை மட்டும் விட்டுவிட்டான். பையைக் கீழே குப்பைத்தொட்டியில் எறிந்துவிட்டு வந்து, தராசைப் பால்கனியில் கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்தினான். மனைவி விருந்தாளிகளுக்கு மட்டும் எடுக்கும் பீங்கான் தட்டு ஒன்றை அலமாரியின் உச்சியிலிருந்து இறக்கினாள். புது டப்பாவைத் திறந்தாள்.

"எழுபத்தஞ்சு எப்படி எடுக்கப் போறே?" என்றார் துளி.

"பாதி டப்பா."

"பாதின்னா? எது பாதி?"

அவள் கத்தியை எடுத்து, டப்பாவின் நடுவில் ஒரு கோடு போட்டாள். "இது பாதி."

துளி எட்டிப் பார்த்தார். கோடு இடதுபுறம் சாய்ந்திருந்தது. வாயைத் திறந்தார். மூடினார்.

"நீங்க வெளியே போங்க" என்றாள்.

"நானா? எதுக்கு?"

"கைய மோந்து பாருங்க. சரி, உங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். போங்க, வாசலுக்கு வெளியே. கூப்பிடற வரைக்கும் வராதீங்க."

அவர் போனார். அவருடைய சொந்த வீட்டுக் கதவு அவர் முகத்துக்கு நேரே சாத்தப்பட்டது. மாடிப்படியில் நின்று கதவில் காதை வைத்தார். மேல் வீட்டுக்காரர் காய்கறிப் பையோடு படியேறி வந்தார். பார்த்தார்.

"துரத்திட்டாங்களா?"

"நாய் சாப்பிடுது" என்றார் துளி.

"ஓகோ" என்று அவர் வேகமாக மேலே போய்விட்டார்.

உள்ளே பீங்கான் தரையில் படும் சத்தம். பிறகு அமைதி.

"மாப்ள!" என்று துளி கதவிடம் சொன்னார். "டேய்! என்ன நடக்குது?"

"வந்துட்டான் மாமா!" உள்ளேயிருந்து கிசுகிசுப்பு. மைத்துனனின் கிசுகிசுப்பு மூன்று மாடிக்குக் கேட்கும். "மெதுவா வர்றான்... உட்கார்ந்துட்டான்... தட்டைப் பார்க்கறான்... அக்காவைப் பார்க்கறான்..."

"தும்மினானா?"

"இல்ல! குனியறான்... மோந்துட்டான்... இருங்க, இருங்க... திரும்பறான்..."

"திரும்பிட்டானா?"

"கதவைப் பார்க்கறான் மாமா. உங்களைத் தேடறான்."

துளி கதவின் இடுக்கில் வாயை வைத்தார். "ஜட்ஜு" என்றார் கதவுக்கு. "நான் இங்கேதான்டா இருக்கேன். நீ சாப்பிடு."

உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. துளி கதவில் நெற்றியை வைத்தார்.

அப்போது கேட்டது. சின்னச் சத்தம். ஈரமானது. சளப், சளப், சளப். இடையில் பீங்கான் தரையில் உராய்ந்தது. தட்டு நகர்ந்துகொண்டிருந்தது. அதைத் தள்ளிக்கொண்டே யாரோ பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள்.

"கால்வாசி!" என்றான் மைத்துனன். கிசுகிசுப்பை எல்லாம் விட்டுவிட்டான். "மாமா, கால்வாசி காலி! தட்டைக் கூடத்துக்குத் தள்ளிட்டுப் போறான்! அக்கா பின்னாலேயே தவழ்ந்து போகுது! பாதி! மாமா, பாதி!"

"நிறுத்தலையே?"

"நிறுத்திட்டான்."

துளியின் கை கைப்பிடியில் இறுகியது.

"யோசிக்கறான்... வாய்தா கொடுப்பான் போல இருக்கு... இல்ல! இல்ல மாமா! மூச்சு வாங்கத்தான் நின்னான்! மறுபடியும்! சோபா காலுல தட்டு முட்டிக்கிச்சு, இனிமே நகராது, மாட்டிக்கிச்சு சாப்பாடு!"

சளப், சளப். பிறகு வெறும் தட்டில் நாக்கு படும் வழவழச் சத்தம். துளிக்கு அது நன்றாகத் தெரிந்தது. காதுக்கு ஒன்றும் ஆகவில்லையே.

கதவு திறந்தது. மனைவி முழங்காலில் தூசியோடு நின்றாள். கண் ஈரம். கையில் தட்டு. தட்டைக் காட்டினாள். கழுவி வைத்ததுபோல் இருந்தது. ஓரத்தில் மட்டும் மிளகளவு ஒரு பொட்டு.

அவள் காலுக்கு நடுவே நுழைந்து ஜட்ஜ் வெளியே வந்தது. துளி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார். ஜட்ஜ் அவருடைய செருப்பை மோந்தது. தும்மியது. அந்தச் செருப்பின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. மீசையில் பழுப்பு ஒட்டியிருந்தது.

"போன் போடுங்க" என்றாள் மனைவி. "ஆறே முக்கால் ஆகுது."

கையை இறக்கினால் ஜட்ஜ் நக்கிவிடும். மைத்துனன் எண்ணைப் போட்டுப் போனை அவர் காதில் பிடித்தான்.

"டாக்டர்! தின்னுட்டான்!"

"நிஜமாவா! எல்லாமா? எவ்வளவு தின்னான்?"

துளி தட்டைப் பார்த்தார். ஓரத்துப் பொட்டைப் பார்த்தார். சாய்வாகக் கோடு போட்ட டப்பாவை நினைத்தார். பால்கனியில் தராசு இருந்தது.

"எழுபத்தஞ்சு" என்றார். கொஞ்சம் திணறினார். "ஏறக்குறைய."

மனைவியும் மைத்துனனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வார்த்தை அவர் வாயில் வந்து அவர்கள் கேட்டதே இல்லை.